நான்கு வரிச் சாட்சி

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

இந்த நோட்டை எழுதுகிறவன் பா. அதிசயராஜ், அதிசயா சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர், கிருபாபுரம். தென் மாவட்டங்களில் என் மைக் செட் கட்டாத ஆலயம் கிடையாது. (என் மனைவி ரூபி எட்டிப் பார்த்து, "ஒம்பது கோயில்னு எழுதுங்க" என்கிறாள். சரி, ஒன்பது.)

நோட்டு வந்த கதை இது. இன்று காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் அய்யர் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார். சபை குருவானவரை இந்தப் பக்கத்தில் அய்யர் என்றுதான் சொல்வோம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் நாற்பது நாளும் தேவனுடைய குணங்களில் ஒன்றை எடுத்து யோசித்து, அந்தக் குணத்தின்படி அன்றைக்கு நாம் என்ன செய்தோம் என்று எழுத வேண்டுமாம்.

"நீங்க வாங்கிப் பாப்பீங்களா அய்யரே?" என்று கேட்டேன்.

"நான் பாக்கமாட்டேன் அதிசயம். வாசிக்கிறவரு வேற ஒருத்தர்" என்று மேலே கையைக் காட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். அங்கே என் ஸ்பீக்கர் பெட்டிதான் தொங்கியது. பிறகுதான் புரிந்தது.

ஆகவே அழகாக எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டவன். (பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்பாரும் உண்டு.) ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்து ஒரு கலெக்டரே அசந்திருக்கிறார்.

உள்ளதைச் சொன்னால், தேவனுடைய குணத்தைப் பற்றி நான் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. என் தங்கை மகள் பியூலாவை ஆறு வயதில் சாவிலிருந்து எழுப்பிக் கொடுத்தவர் அவர். ஜெபித்தவன் நான். அசனப் பண்டிகை அன்று, சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் கறிச்சோறு உண்ணுகிற நாளில், பிள்ளை விழுந்துவிட்டாள். வாயில் நுரை, கை கால் இழுப்பு. அரை மணி நேரம் நாடி இல்லை. நான் தலையில் கை வைத்தேன், எழும்பிவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு அசனத்துக்கும், கர்த்தர் செய்ததைச் சபைக்கு அறிவிக்கிற இந்தச் சாட்சியை என் மைக்கில் நானே சொல்லி வருகிறேன். கர்த்தருக்குத் தெரியாததா? இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 23

குணம்: பொறுமை. ரேஷன் கடை வரிசையில் மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் நின்றேன். (நாற்பது நிமிஷம் என்கிறாள் ரூபி. வாய் திறந்தேன் என்றும் சொல்கிறாள். இவளுக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அதைப் பார்க்கட்டும்.)

பிப்ரவரி 25

குணம்: இரக்கம். மைக் ஒயரைக் கடித்த நாயை மன்னித்து, பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். கையில் செருப்பு இருந்தது உண்மைதான்.

பிப்ரவரி 26, ஞாயிறு

சந்தோஷச் செய்தி. பியூலாவுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. பக்கத்து ஊர் ஓய்வுபெற்ற வாத்தியார் பொன்ராஜ் சாரின் மகன். தங்கமான குடும்பம். பியூலாவுக்கு இருபத்தெட்டு நடக்கிறது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஈஸ்டர் கழிந்து ஓலை வாசிக்கலாம் என்கிறார்களாம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் பெயரை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பதுதான் ஓலை.

இதை என் தங்கை லில்லி ரூபியிடம் சொல்ல, ரூபி என்னிடம் சொன்னாள். நேராக எனக்கு வராது. லில்லியின் புருஷன் குணசீலன் மூன்று வருஷமாக என்னோடு பேசுவதில்லை. பிள்ளையை உயிரோடு மீட்டுக் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதை. இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தம் பாதியில் நின்றுபோனதில் அவனுக்கு மனக்கஷ்டம். அதற்கு நான் என்ன செய்வேன்? முதலில் வந்தவர்கள், பண்டிகை முடிந்து சொல்கிறோம் என்றார்கள், சொல்லவில்லை. இரண்டாவது வந்தவர்கள் பூ வைக்க நாள் குறித்துவிட்டு வரவில்லை. கர்த்தருடைய சித்தம்.

மார்ச் 5, ஞாயிறு

இன்று பொன்ராஜ் சார் நம்முடைய ஆலயத்துக்கே ஆராதனைக்கு வந்திருந்தார். முடிந்ததும் வேப்பமரத்தடியில் என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அந்தச் சாட்சி சொன்னவரா? போன வருஷ அசனத்துல பேசுனது யாரோ போன்ல அனுப்புனாங்க."

என் பெயர் ஊர் தாண்டிப் போயிருக்கிறது! முழுவதையும் நேரில் சொன்னேன், செய்கையோடு. கண் மேலே சொருகியதையும், கை கால் வெட்டி வெட்டி இழுத்ததையும் தரையில் உட்கார்ந்தே காட்டினேன். சாருடைய முகமே மாறிவிட்டது. பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கியிருக்கும்.

மார்ச் 7

ரூபி தட்டை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது, என்னவோ இருக்கிறது.

"பியூலாவுக்கு வலிப்பு உண்டான்னு அந்த வாத்தியார் வீட்டுல கேட்டு விட்டிருக்காங்க."

"எவன் சொன்னான் அப்படி?"

"நீங்கதான். மரத்தடியில உக்காந்து இழுத்துக் காட்டுனீங்களாமே."

"அது சாட்சி!"

"முந்தி வந்த ரெண்டு பேரும் எதுனால போனாங்கன்னு நெனச்சீங்க?"

"கர்த்தருடைய சித்தம்."

"கர்த்தர் மேல போடாதீங்க. அது ஒங்க மைக்கு."

சோற்றில் உப்பில்லை. கேட்கவில்லை.

மார்ச் 8

இன்று குணம் எதுவும் எழுதவில்லை. கரண்ட் இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

அய்யர் இன்று பிரசங்கித்தது: தேவன் பொய் சொல்லமாட்டார், அது அவருடைய குணத்திலேயே இல்லை. அன்பு கொஞ்சம் கூடலாம், கோபம் கொஞ்சம் தாமதிக்கலாம், உண்மையில் மட்டும் முக்கால், அரைக்கால் கிடையாது என்றார். அவருடைய பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் வீட்டிலும் சந்தையிலும் அப்படியே இருக்க வேண்டும் என்றார். அந்த இடத்தில் கை தவறி வால்யூமைக் குறைத்துவிட்டேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

சரி, ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அதிசயம் முடிவெடுத்தால் எடுத்ததுதான். நானே நேரில் போய் பொன்ராஜ் சாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன். பிள்ளைக்கு வலிப்பு கிடையாது. நாடி நின்றது பத்து நிமிஷம். ஐந்தாகவும் இருக்கலாம்.

மார்ச் 14

போய் வந்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. "சார், அது வலிப்பில்ல, வெறும் மயக்கம். ரெண்டு நிமிஷம்" என்றேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. இரண்டு நிமிஷம் என்று இதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை.

சார் நிதானமான மனுஷர். "வலிப்பா இருந்தாலும் எங்களுக்கு அது கொறையில்ல. எங்க அக்காவுக்கே இருந்துச்சு. மாத்திரை சாப்புட்டு எம்பது வயசு வரைக்கும் இருந்தா. மறைக்காம சொல்லணும், அவ்வளவுதான் நாங்க கேக்குறது" என்றார்.

அப்போது அவர் மனைவி காப்பியும் முறுக்கும் கொண்டு வைத்தார்கள். அதுதான் பிசகு. காப்பி உள்ளே போனால் என் நாக்கு எழுந்து நடக்கும். "நம்ம பிள்ளைக்கு வியாதியா? ஓட்டப்பந்தயத்துல மாநில அளவுல தங்க மெடல் வாங்குன பிள்ளை சார்!" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. தூத்துக்குடி மைதானத்தில் அவள் ஓடியதும், நான் கைக்குட்டையை ஆட்டியதும் என் கண்முன் அப்படியே தெரிந்தது. கைக்குட்டை நீல நிறம்.



மார்ச் 16

குணசீலன் வந்தான். மூன்று வருஷத்துக்குப் பின் என் வீட்டு வாசலில். சந்தோஷப்பட்டு எழும்பினேன்.

"மச்சான், வாத்தியார் எம்பிள்ளைக்குப் போன் போட்டு, மெடல் வாங்குனதுக்கு வாழ்த்து சொல்லியிருக்காரு."

"உக்காருங்க மாப்பிள்ளை."

"அவ ஸ்கூல்ல ஸ்கிப்பிங் கூட ஆடுனதில்ல. அப்படியே சொல்லிட்டா. இப்ப வாத்தியார் என்ன கேக்காரு தெரியுமா? ஒங்க வீட்டுல எதுதான் நெசம்னு கேக்காரு."

"நல்லதுக்குத்தான்…"

"நல்லதுக்கா? இருபத்திரண்டு வருஷமா எம்பிள்ளைய மைக்குல வச்சு சாவடிச்சு சாவடிச்சு எழுப்புதீங்க. நுரைன்னு சொல்லுதீங்களே, அது என்ன நுரை? நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்து அவ வாயில ஊத்துன சோடா! முழுங்க முடியாம வெளிய வந்துச்சு. நீங்க அதுக்குப் பொறவுதானே வந்தீங்க."

ரூபி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"சித்திரை வெயிலு. ஒரு நெழலு கெடையாது. ஆறு வயசுப் பிள்ளை எதுக்கு அந்த மைக்கு பெட்டி பக்கத்துல தனியா நின்னா, யாரு அவள அங்க நிறுத்துனதுன்னு மட்டும் இன்னைய வரைக்கும் எனக்குத் தெரியல. அவளும் சொல்லமாட்டேங்கா."

காப்பி போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"எம்பிள்ளைய விட்டுருங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும்.

மார்ச் 17

ஒரு விஷயம் எழுத வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 18

பேனாவில் மை தீர்ந்துவிட்டது. அதனால் எழுத முடியவில்லை.

மார்ச் 21

அய்யரைப் பார்க்கப் போனேன். குருத்தோலை ஞாயிறு அன்று சாட்சி சொல்ல நேரம் வேண்டும் என்றேன்.

"எத்தன நிமிஷம் வேணும் அதிசயம்? பிரசங்கத்த விட்டுரவா?"

"நாலு வரி போதும் அய்யரே."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. "நீங்க வணக்கம் சொல்லவே நாலு வரி ஆகுமே!"

"பியூலா விஷயம். இத்தன வருஷம் சொன்னத திருப்பி எடுக்கணும்."

சிரிப்பு நின்றது. "அடுத்த வாரமே வச்சுக்குவோமா?" என்றார்.

"வேண்டாம். எனக்குச் சுருக்கிப் பேசப் பழக்கமில்ல. பழகணும்."

மார்ச் 22

பயிற்சி. ரூபி கட்டிலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். முதல் தடவை முப்பத்தொரு வரி. அதில் ஒரு தேவதூதன் வந்துவிட்டான்.

மார்ச் 24

பதினாறு வரி. தூதனை எடுத்துவிட்டேன். மனசில்லாமல்தான் எடுத்தேன், நல்ல தூதன்.

மார்ச் 27

ஏழு வரி. இன்று கடைக்கு வந்தவர் ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் கேட்கும் என்று கேட்டார். நாலு ஊருக்குக் கேட்கும் என்று வாய்வரை வந்துவிட்டது. "அந்தத் தெருமுனை வரைக்கும் கேக்கும்" என்றேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். குணம்: உண்மை. எழுதலாம் அல்லவா?

மார்ச் 30

நான்கு வரி வந்துவிட்டது. ரூபி நல்ல தாளில் எழுதிக் கொடுத்தாள்:

பியூலாவுக்கு வலிப்பு கிடையாது, இருந்ததும் கிடையாது.
அன்றைக்கு வெயிலில் மயங்கி விழுந்தாள், சாகவில்லை.
தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து எழுப்பியது அவளுடைய அப்பா.
மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது, ஓட்டப்பந்தய மெடலும்தான், மன்னியுங்கள்.

ஏற்பாடு இதுதான். நான் பேசும்போது ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ரூபி உட்காருவாள், சுவிட்சில் விரல் வைத்து. ஐந்தாவது வரி என் வாயிலிருந்து கிளம்பினால் அணைத்துவிட வேண்டும். "சத்தியமா அணைச்சிருவேன்" என்றாள். முப்பத்தைந்து வருஷம் காத்திருந்தவள் மாதிரி சொன்னாள்.

பொன்ராஜ் சாருக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கெழம வாங்க சார், எல்லாருக்கும் முன்னால சொல்லுதேன்" என்றேன். "இன்னொரு கதையா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 1

அந்த நான்கு வரியில் இல்லாத ஒன்று இருக்கிறது. இந்த நோட்டிலும் இல்லை. வாசிக்கிறவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து எல்லாரும் குருத்தோலையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார்கள். பொன்ராஜ் சார் கடைசி வரிசையில், மகனோடு. குணசீலன் தூணுக்குப் பின்னால். நான் வருவதைப் பார்த்ததும் அவன் எழும்பினான், லில்லி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அய்யர் என் பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் இரண்டு பேர் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்கள். என் சாட்சிக்கு எப்போதும் அப்படித்தான்.

நான்கு வரியையும் வாசித்தேன். ஒரு வார்த்தை கூடக் கூட்டவில்லை. சாய்ந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

முடித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். தாளை மடித்தேன். அந்த வரி தானாக வந்தது.

"அவள அங்க நிறுத்துனது நான்தான்" என்றேன்.

ரூபியின் விரல் சுவிட்சில் இருந்ததைப் பார்த்தேன்.

"மைக் செட்டப் பாத்துக்கோ, மாமா வர்ற வரைக்கும் அசையாதன்னு சொல்லிட்டு, சாப்புடப் போனேன். அவள மறந்துட்டேன். ரெண்டு பந்தியில சாப்புட்டேன். ரெண்டு மணி நேரம் அந்தப் பிள்ளை வெயில்ல நின்னுச்சு. விழுந்த பொறவு யாரு நிறுத்துனதுன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி வரக் கூடாதுன்னுதான் சத்தம் போட்டு ஜெபம் பண்ணேன். அப்படித்தான் அந்த அற்புதம் உண்டாச்சு."

எண்ணிப் பார்த்தால் ஐந்தாவது, ஆறாவது என்று வரிகள் பத்தைத் தாண்டியிருக்கும். ரூபி அணைக்கவில்லை. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆலயத்தில் ஓலை சலசலப்புகூட இல்லை. நான் பேசி முடித்து கைதட்டல் வராதது இதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் குணசீலன் என்னைத் தாண்டிப் போனான், பார்க்கவில்லை. பொன்ராஜ் சார் தலையை மட்டும் அசைத்தார். பியூலா நின்றாள்.

"எனக்குத் தெரியும் மாமா."

"ஆறு வயசும்மா ஒனக்கு. ஞாபகமா இருக்கு?"

"நீங்க தலையில கை வச்சு ஜெபிச்சீங்கல்லா, ஒங்க கையில கறி வாசம் அடிச்சுது. அதுல நல்லாவே முழிப்பு வந்துட்டு. எனக்கு அவ்வளவு பசி."

"ஏன்மா யாருகிட்டயும் சொல்லல?"

"அப்ப சொல்லியிருந்தா அப்பா ஒங்கள அடிச்சிருப்பாங்க." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அப்புறம் ஒவ்வொரு அசனத்துக்கும் நீங்க மைக் பிடிக்கும்போது, இந்த வருஷம் சொல்லிருவீங்கன்னு நெனைப்பேன்."

ஒவ்வொரு அசனத்துக்கும். அவள் முதல் வரிசையில்தான் உட்காருவாள். நான் என்னவோ என் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டு உட்காருகிறாள் என்று நினைத்திருந்தேன். இரண்டு சம்பந்தம் போன பிறகும் அங்கேதான் உட்கார்ந்தாள். என் பெயரைச் சொல்லிவிட ஒரு வார்த்தை போதும், சொல்லவில்லை. என்னை விட்டு விலகவும் இல்லை.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். "குணம்: பொறுமை. ரேஷன் கடை வரிசையில் மூன்று மணி நேரம்." கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை, இருக்கட்டும். வாசிக்கிறவர் ஏற்கெனவே வாசித்துவிட்டார். அவரும் அவளைப் போலத்தான் இத்தனை வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏப்ரல் 5

வாத்தியார் வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. லில்லி அழுததாக ரூபி சொன்னாள். போய் ஏதாவது சொல்லி ஆறுதல்படுத்த வாய் துடித்தது. போகவில்லை. நல்லபடியாக முடியும் என்று எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனைக்கு வெளியே ஸ்பீக்கர் கட்டப் போனேன். ஏணியில் ஏறி நின்று, ஒயரின் மறுமுனையை யாராவது பிடித்தால் தேவலை என்று திரும்பினேன். குணசீலன் பிடித்திருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கட்டி முடிக்கும் வரை பிடித்திருந்தான். ஒயர் தொய்யாமல் நேராக இருந்தது.

ஏப்ரல் 10

பொன்ராஜ் சார் போன் செய்தார். "ஒரே ஒரு சந்தேகம் அதிசயராஜ். பியூலா மெடல் வாங்காத பிள்ளைதானே?"

"ஸ்கிப்பிங் கூட ஆடுனதில்ல சார்."

"அப்ப சரி. ஓலைக்குக் குடுத்துருவோம். எம் பையன் அன்னைக்கே முடிவு பண்ணிட்டான், எனக்குத்தான் ஒரு வாரம் ஆச்சு. ஒங்க கதைய நம்பி நான் வரல, அந்தப் பிள்ளை மெடல் இல்லைன்னு போன்ல சொன்னால்லா, அத நம்பி வாறேன்."

இதில் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

நாற்பது பக்கமும் முடிந்துவிட்டது. அட்டையின் உள்பக்கத்தில் எழுதுகிறேன்.

இன்று முதலாம் ஓலை வாசித்தார்கள். மைக் ஒழுங்காக வேலை செய்தது. அய்யர் இரண்டு பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் எழும்பவில்லை.

அய்யர் நிறுத்தியது எனக்கு அரை மணி நேரம் போல இருந்தது. ரூபியிடம் கேட்டேன். ஐந்து வினாடி என்றாள். ஐந்து என்றே எழுதுகிறேன்.